உள்ளூர் இணைய விளம்பரத் தளங்களில் ஏமாறாமல் பழைய பொருள் வாங்குவது, விற்பது எப்படி?

கேள்வி கேட்டவர் பழைய கேமரா ஒன்று வாங்க வேண்டும் என்றும், வீடு மாறுவதால் மேசை, பீரோ, மடிக்கணினி ஆகியவற்றை விற்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார். "இந்தத் தளங்களை நம்பலாமா?" என்பது அவருடைய கேள்வி.

தளத்தை நம்புவதற்கோ நம்பாமல் இருப்பதற்கோ அங்கே பெரிதாக எதுவும் இல்லை. பெரும்பாலான வரி விளம்பரத் தளங்கள் பொருளைத் தொடுவதில்லை, பணத்தையும் தொடுவதில்லை. விற்பவர் யார் என்று ஆழமாக விசாரிப்பதும் இல்லை. விளம்பரம் ஒட்ட ஒரு சுவர் தருகின்றன, அவ்வளவுதான். பெரிய இணையக் கடையில் வாங்கிய பொருள் சரியில்லை என்றால் திருப்பி அனுப்பிவிட்டுப் பணத்தைக் கேட்கலாம். இங்கே அப்படிக் கேட்க ஆள் கிடையாது. அதற்கு ஈடாக உங்களுக்கு ஒரே ஒரு வசதி இருக்கிறது: எதிரில் இருப்பவர் உங்கள் ஊர்க்காரர்; பொருளைக் கையில் எடுத்துப் பார்த்த பிறகு பணம் கொடுக்கலாம். பல ஆண்டுகளாகப் பழைய பொருள்களை வாங்கி விற்று வருகிறேன். நான் கடைப்பிடிக்கும் விதி ஒன்றுதான். பொருளும் பணமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் கை மாற வேண்டும். இந்த இரண்டையும் யாராவது பிரிக்கப் பார்த்தால், சொல்லும் காரணம் எவ்வளவு உருக்கமாக இருந்தாலும் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்வேன்.

கிரெய்க் நியூமார்க் 1995-இல் சான் பிரான்சிஸ்கோவில் நண்பர்களுக்கு அனுப்பிய மின்னஞ்சல் பட்டியலாகத் தொடங்கியதுதான் கிரெய்க்ஸ்லிஸ்ட். இந்த வகைத் தளங்களுக்கு அதுவே மூத்தது என்று சொல்லலாம். இன்றும் அது ஊர்வாரியாகப் பிரிந்துதான் இருக்கிறது. அதன் பாதுகாப்புக் குறிப்புகளும் உள்ளூரிலேயே, நேருக்கு நேர் வியாபாரம் செய்யச் சொல்லித்தான் தொடங்குகின்றன. இனி நான் விவரிக்கப் போகும் மோசடிகளில் பெரும்பாலானவை இந்த விதியில் எங்கோ ஓர் இடத்தில் ஓட்டை போடுகின்றன. எங்கே என்று கவனித்துக்கொண்டே வாருங்கள்.

முதலில் வாங்குபவர் பக்கம். கேமராவின் விலை சந்தை விலையில் பாதி என்று விளம்பரம் இருக்கும். பேசினால், "எனக்கு இடமாற்றம் ஆகிவிட்டது, அவசரமாக விற்கிறேன், பொருள் கூரியர் கிடங்கில் இருக்கிறது" என்பார். சிலர் ராணுவத்தில் பணிபுரிவதாகச் சொல்லி அடையாள அட்டையின் படத்தையும் அனுப்புவார்கள். அந்த அட்டை பெரும்பாலும் வேறு யாருடையதோதான். அடுத்து முன்பணம் கேட்பார்கள். பிறகு அனுப்பும் செலவு, வரி, காப்பீடு என்று சிறுசிறு தொகைகள் வரிசையாக வரும். முதல் தொகையைக் கொடுத்தவர், அது வீணாகிவிடக் கூடாதே என்ற தவிப்பில் இரண்டாவதையும் கொடுப்பார். வாடகை வீட்டு விளம்பரங்களிலும் இதே கதைதான்: உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறார், முன்பணம் வந்ததும் சாவி தபாலில் வரும். கதவைத் திறந்து உள்ளே சென்று பார்க்காத வீட்டுக்கு ஒரு காசும் கொடுக்காதீர்கள்.

இப்படிப்பட்ட விளம்பரத்தைச் சோதிக்க எளிய வழி உண்டு. படத்தைத் தேடுபொறியில் ஏற்றித் தேடினால், அதே படம் வேறு ஊரில், வேறு பெயரில் கிடைக்கும். அதிலும் சிக்காவிட்டால், ஒரு காகிதத்தில் இன்றைய தேதியை எழுதிப் பொருளுக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். படத்தைத் திருத்துவது எளிதாகிவிட்ட காலம் என்பதால் நான் இப்போது காணொளி அழைப்பில் பொருளைக் காட்டச் சொல்கிறேன். உண்மையான விற்பனையாளர் கொஞ்சம் அலுத்துக்கொண்டாலும் காட்டிவிடுவார். மற்றவருக்குக் கோபம் வரும்.

ஆனால், என் பார்வையில், அதிகம் ஏமாற்றப்படுவது விற்பவர்கள். "நான் பணம் தரப் போவதில்லை, பெறத்தானே போகிறேன், இதில் என்ன ஆபத்து?" என்ற மிதப்பு அவர்களுக்கு இருப்பதே காரணம். உங்கள் பீரோவுக்கு நீங்கள் சொன்ன விலையைப் பேரமே பேசாமல், பொருளைப் பார்க்காமலேயே ஒருவர் ஒப்புக்கொள்கிறாரா? சந்தோஷப்படாதீர்கள். பழைய பீரோவுக்குப் பேரம் பேசாத மனிதர் உலகத்தில் இல்லை. சற்று நேரத்தில் ஒரு க்யூஆர் குறியீட்டை அனுப்பி, "இதை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போடுங்கள், பணம் உங்கள் கணக்கில் வந்துவிடும்" என்பார். அந்தச் சதுரத்துக்குள் இருப்பது யாருக்குப் பணம் போக வேண்டும் என்ற முகவரி. சில சமயம் தொகையும் இருக்கும். ஸ்கேன் செய்பவர் கொடுப்பவர், குறியீட்டைக் காட்டுபவர் பெறுபவர். கடையில் நாம் தினமும் செய்வதுதான். ரகசிய எண் பணத்தை வெளியே அனுப்புவதற்கான கையெழுத்து. பணம் பெற அது ஒருபோதும் தேவைப்படாது. இந்த ஒன்று மனதில் பதிந்தால் பாதி மோசடிகள் உங்களிடம் பலிக்காது.

இதன் பழைய வடிவம் காசோலை. பேசிய விலையைவிட அதிகத் தொகைக்குக் காசோலை வரும். "தவறிப்போய்க் கூடுதலாக எழுதிவிட்டேன், மீதியை வண்டிக்காரரிடம் கொடுத்துவிடுங்கள்" என்பார். சில நாடுகளில் காசோலை உண்மையில் தீர்வாகும் முன்பே வங்கி அந்தத் தொகையைக் கணக்கில் காட்டிவிடுகிறது. அதைப் பார்த்து நீங்கள் மீதியைக் கொடுத்துவிடுவீர்கள். சில நாட்களில் காசோலை திரும்பும்; வங்கி முழுத்தொகையையும் எடுத்துக்கொள்ளும். நீங்கள் கொடுத்த மீதி உங்கள் கைப்பணம். இன்று காசோலைக்குப் பதிலாகப் போலிக் குறுஞ்செய்தியும், பணம் அனுப்பியதுபோல் தயாரித்த திரைப்பிடிப்பும் வருகின்றன. எதிராளியின் கைப்பேசியில் பச்சை நிறத்தில் என்ன தெரிந்தாலும் அதற்கு மதிப்பில்லை. உங்கள் செயலியை நீங்களே திறந்து, உங்கள் இருப்பில் தொகை ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அதுவரை பீரோ வாசலைத் தாண்டக் கூடாது.

இன்னொன்றும் உண்டு. இதில் பணப் பேச்சே வராது. "இங்கே போலி விளம்பரங்கள் அதிகம், நீங்கள் உண்மையான ஆளா என்று பார்க்க உங்கள் எண்ணுக்கு ஆறு இலக்கக் குறியீடு அனுப்பியிருக்கிறேன், சொல்லுங்கள்" என்பார்கள். நீங்கள் அவரைச் சந்தேகிப்பதற்குள் அவர் உங்களைச் சந்தேகித்துவிடுகிறார், சாமர்த்தியம்தான். சொன்னால், உங்கள் வாட்ஸ்அப் கணக்கு அவர் கைக்குப் போகலாம், அல்லது உங்கள் எண்ணில் வேறொரு கணக்கு முளைக்கலாம். உங்கள் எண்ணுக்கு வந்த குறியீட்டை இன்னொருவர் கேட்பதற்கு நியாயமான காரணம் எதுவும் கிடையாது. ஆகவே முடிந்தவரை தளத்தின் உள் செய்தி வசதியிலேயே பேசுங்கள், எண்ணை விளம்பரத்தில் போடாதீர்கள். பேச்சைத் தொடங்கியதுமே வேறு செயலிக்கு இழுப்பவரிடம் ஒரு கண் இருக்கட்டும். பாதுகாப்பான பணப் பரிமாற்றம் என்ற பெயரில் அவர் அனுப்பும் இணைப்பையும் தொடாதீர்கள்.

பொருளைச் சோதிப்பதற்கு வருவோம். கேமரா என்றதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். லென்ஸைக் கழற்றி ஒரு பக்கமிருந்து டார்ச் அடித்து மறுபக்கமிருந்து பாருங்கள். சிலந்தி வலை போன்ற மெல்லிய இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை, வேண்டாம். தூசித் துகள்கள் சில இருப்பது சாதாரணம். பிறகு அப்பெர்ச்சரை, அதாவது லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளையை, எஃப்/16-க்குக் குறைத்து ஒரு வெள்ளைச் சுவரைப் படம் எடுங்கள். சென்சாரில் உள்ள அழுக்கு கரும்புள்ளிகளாகத் தெரியும். ஷட்டர் எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்ற எண்ணிக்கையைப் பல மாடல்களில் படக் கோப்பிலிருந்தே படிக்க முடியும். இதற்காக உங்கள் மெமரி கார்டை எடுத்துச் செல்லுங்கள். "கொஞ்சம்தான் பயன்படுத்தினேன்" என்ற வாக்குமூலத்தைவிட அந்த எண் நேர்மையானது.

கைப்பேசி என்றால் *#06# அழுத்தினால் அந்தக் கைப்பேசிக்கே உரிய 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். பெட்டியிலும் ரசீதிலும் அதே எண் இருக்க வேண்டும். அதைவிட முக்கியம் கணக்குப் பூட்டு. ஐபோனில் 2013 முதலும், ஆண்ட்ராய்டில் 2015 வாக்கிலிருந்தும், பழைய உரிமையாளரின் கணக்கு நீங்காத கைப்பேசியை அழித்துவிட்டு இயக்கினாலும் அவருடைய கடவுச்சொல்லைக் கேட்கும். அது தெரியாவிட்டால் உங்கள் கையில் இருப்பது வெறும் கண்ணாடித் துண்டுதான். எனவே விற்பவர் உங்கள் கண்ணெதிரில் கணக்கிலிருந்து வெளியேறி, கைப்பேசியை முழுவதும் அழித்து, புதிதாகத் தொடங்கும் திரையைக் காட்டட்டும். அதற்குப் பிறகு பணம். இன்றைய பெரும்பாலான வண்டிகளில் சேஸிஸ் எண், அதாவது வண்டிச் சட்டத்தில் பொறித்த அடையாள எண், எழுத்தும் இலக்கமுமாக 17 குறிகள் கொண்டது. அதில் ஐ, ஓ, க்யூ என்ற ஆங்கில எழுத்துகள் வருவதே இல்லை. ஒன்று, பூஜ்யம் ஆகியவற்றோடு குழப்பம் வரக் கூடாது என்று விலக்கி வைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட 17 குறி எண்ணில் இந்த எழுத்துகளில் ஒன்று இருந்தால் யாரோ கை வைத்திருக்கலாம் என்று பொருள். எண்ணைப் பதிவுச் சான்றிதழோடு ஒப்பிடுங்கள், கடன் பாக்கி உண்டா என்று கேளுங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே போய்ப் பாருங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால் காலையில் அது எப்படிக் கிளம்பும் என்பது தெரியாமலே போய்விடும்.

பழைய தலைக்கவசமும் குழந்தைகளுக்கான கார் இருக்கையும் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் நான் வாங்க மாட்டேன். கவசத்தின் உள்ளே இருக்கும் நுரைப்பொருள் ஒரு மோதலில் நசுங்கி வேலையை முடித்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது.

விற்பவராக உங்களுக்கு ஒரு விஷயம். அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் பழைய கார் சந்தையை உதாரணமாக வைத்து ஒரு கட்டுரை எழுதினார். விற்பவருக்குக் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் எல்லாக் கார்களுக்கும் நடுத்தர விலைதான் தர முன்வருவார். அந்த விலைக்குக் கட்டுப்படியாகாமல் நல்ல கார் வைத்திருப்பவர்கள் ஒதுங்கிக்கொள்ள, சந்தையில் சொத்தைதான் மிஞ்சும் என்பது அவர் வாதம். 2001-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததில் இந்தக் கட்டுரைக்குப் பெரிய பங்கு உண்டு. இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தால், மேசையின் கீறலை நீங்களே நெருக்கத்தில் படம் எடுத்துப் போடுவதும், மடிக்கணினியின் ரசீதை எடுத்து வைப்பதும் உங்களுக்கே லாபம். வருகிறவர் வீட்டுக்கு வந்து கீறலைக் கண்டுபிடித்தால் அந்தக் கீறலுக்கு உரியதைவிட இரண்டு மடங்கு விலையைக் குறைக்கப் பார்ப்பார். முன்பே தெரிந்து வந்தவரிடம் அந்தப் பேச்சு எழாது.

மடிக்கணினியை விற்கும் முன் கோப்புகளை அழித்தால் மட்டும் போதாது. அழித்த கோப்பு பல சமயம் வட்டில் அப்படியே கிடக்கும். அந்த இடம் காலியாக இருக்கிறது என்ற குறிப்பு மட்டும்தான் மாறும். வட்டு முழுவதையும் குறியாக்கம் செய்து (கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றி), கணக்குகளிலிருந்து வெளியேறி, பிறகு தொழிற்சாலை நிலைக்கு மீட்டமையுங்கள். மெமரி கார்டை யாருக்கும் கொடுக்காதீர்கள்; அதன் விலைக்காக அந்த ஆபத்து தேவையில்லை. விளம்பரப் படங்களில் வீட்டு எண், வண்டி எண், கண்ணாடியில் தெரியும் உங்கள் முகம் இருக்கிறதா என்று பாருங்கள். கைப்பேசியில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையும் பதிந்திருக்கலாம். இருப்பிடப் பதிவை அணைத்துவிட்டு எடுப்பது நல்லது.

சந்திப்பது பகலில், ஆள் நடமாட்டமுள்ள இடத்தில், ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு. தொகை பெரியது என்றால் வங்கிக் கிளைக்குள் சந்தியுங்கள். நோட்டை அங்கேயே சரிபார்த்துக் கணக்கில் போட்டுவிடலாம். சில நாடுகளில் காவல் நிலையங்களே இதற்கென்று கேமரா பொருத்திய இடம் ஒதுக்கியிருக்கின்றன. பீரோவை எல்லாம் தூக்கிக்கொண்டு போக முடியாது, வீட்டுக்கு வரவழைக்கத்தான் வேண்டும். அப்படியானால் முன்னதாகவே வாசல் பக்கமுள்ள அறைக்கு நகர்த்தி வையுங்கள். வருகிறவர் வீட்டைச் சுற்றிப் பார்க்க வேண்டியிருக்காது. கைமாறும்போது இரண்டு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்: பெயர், பொருளின் வரிசை எண், தொகை, தேதி. திருட்டுப் பொருள் என்று பிறகு சிக்கல் வந்தால் அந்தக் காகிதம்தான் பேசும்.

இவ்வளவுக்குப் பிறகும் பணம் போய்விட்டால், உடனே வங்கியையோ பணச் செயலியின் உதவி எண்ணையோ அழையுங்கள். தொகை அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் முடக்க வாய்ப்பு இருக்கும். உதவி எண்ணைத் தேடுபொறியில் தேடாதீர்கள், அங்கேயும் போலி எண்கள் உலவுகின்றன. வங்கி அட்டையின் பின்புறத்திலோ செயலிக்குள்ளோ இருக்கும் எண்ணே சரியானது. கோபத்தில் உரையாடலை அழித்துவிடாதீர்கள். விளம்பரத்தின் முகவரி, எண், பரிமாற்ற எண் எல்லாவற்றையும் படம் பிடித்து வைத்துக் காவல்துறையில் புகார் கொடுங்கள், தளத்திலும் புகாரளியுங்கள். அதன் பிறகு சில நாட்களில், இழந்த பணத்தை மீட்டுத் தருவதாக ஒருவர் உங்களைத் தேடி வரக்கூடும். சிறு கட்டணம் முன்கூட்டியே கேட்பார். உங்கள் எண் அவருக்கு எப்படிக் கிடைத்தது என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.