சீதனக் காணியை ஈடு வைக்கக் கணவரின் சம்மதம் வேண்டுமா?

கேள்வி: நான் மின்னியல் பொறியியல் பட்டதாரி. வீட்டுக் கூரைகளில் சூரிய மின்தொகுதி பொருத்தும் நிறுவனம் தொடங்க வங்கியில் கடன் கேட்டேன். அம்மா சீதனமாக எழுதித் தந்த காணியை ஈடு வைப்பதாகச் சொன்னேன். கணவரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லை என்று வங்கியின் சட்டத்தரணி கோவையைத் திருப்பிவிட்டார். கத்தாரில் வேலை செய்யும் கணவரோ, கூரை ஏறும் வேலை பெண்ணுக்கு எதற்கு என்று மறுக்கிறார். அவர் தன் முதுசக் காணியை விற்றபோது என்னை யாரும் கேட்கவில்லை. இதுவும் சட்டமா? (வாசகி, கொக்குவில்)

பதில்: சட்டம்தான், சகோதரி. வங்கியின் சட்டத்தரணியில் பிழை இல்லை. 1911 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின் 6 ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. நகையையோ இயந்திரத்தையோ நீங்கள் விரும்பியபடி விற்கலாம். அதே காணியை யாருக்கும் மரணசாசனம் எழுதி வைக்கலாம்; அதற்கும் கணவரைக் கேட்க வேண்டியதில்லை. ஆனால் விற்கவோ, நன்கொடை கொடுக்கவோ, ஈடு வைக்கவோ அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். இறந்த பின் காணி யாரைச் சேரும் என்று தீர்மானிக்கத் தகுதியுள்ள பெண்ணுக்கு, உயிரோடு இருந்து உழைக்க அதைப் பயன்படுத்தத் தகுதி இல்லை! கணவரின் தனிச் சொத்துக்கு இப்படி ஒரு தடை கிடையாது.

அரசியலமைப்பின் 12(2) ஆம் உறுப்புரை பால் அடிப்படையிலான பாகுபாட்டைத் தடுக்கிறதே என்று கேட்பீர்கள். 16(1) ஆம் உறுப்புரை, அரசியலமைப்புக்கு முன்பிருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளுடன் முரண்பட்டாலும் செல்லுபடியாகும் என்கிறது. அதனால் உயர் நீதிமன்றத்துக்குப் போனாலும் இந்தப் பிரிவை அகற்ற முடியாது. பாராளுமன்றம்தான் திருத்த வேண்டும். கரையோரச் சிங்களப் பெண்ணுக்கு இந்தத் தடை 1923 ஆம் ஆண்டின் சட்டத்தாலேயே நீங்கிவிட்டது. உடுவிலில் 1824 இலேயே பெண்களுக்கு விடுதிப் பள்ளி கண்ட நம் மண்ணில், பொறியியல் படித்த மகளின் மூலதனம் இன்னும் கணவரின் பேனாவுக்காகக் காத்திருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

ஆனாலும் வழி அடைபட்டுவிடவில்லை. முதலில் ஒன்றைப் பாருங்கள்: உங்கள் கணவர் யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்டவரா? வட மாகாணத்தவர் என்றால் பெரும்பாலும் ஆம். மட்டக்களப்பையோ மலையகத்தையோ சேர்ந்தவர் என்றால், அதே கட்டளைச் சட்டத்தின் 3 ஆம் பிரிவின்படி இந்தத் திருமணம் நீடிக்கும்வரை தேசவழமை உங்களையும் கட்டுப்படுத்தாது. கணவரின் சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

அவரும் தேசவழமைக்கு உட்பட்டவர் என்றால், அவரிடம் இன்னொரு தடவை பேசிப் பாருங்கள். ஈட்டு உறுதியில் சம்மதம் தெரிவித்துக் கையெழுத்திடுவதால் மட்டும் கடன் அவர் தலையில் விழாது. பிணையாளியாக ஒப்பமிட்டால்தான் விழும். பல கணவர்மார் இந்த வேறுபாடு தெரியாமல் பயந்து மறுக்கிறார்கள். இணங்கினால், டோஹாவிலுள்ள இலங்கைத் தூதரகத்தில், தன் சார்பில் இங்கே ஒருவர் கையெழுத்திட அதிகாரம் தரும் அற்றோணித் தத்துவம் ஒன்றை ஒப்பமிட்டு அனுப்பலாம்.

அதற்கும் இணங்கவில்லை என்றால் 8 ஆம் பிரிவு இருக்கிறது. கணவர் கைவிட்டிருந்தால், இருவரும் சம்மதித்துப் பிரிந்து வாழ்ந்தால், அவர் இருப்பிடம் தெரியாவிட்டால், நியாயமின்றிச் சம்மதம் மறுத்தால், அல்லது மனைவியினதோ பிள்ளைகளினதோ நலன் கோரினால், அவர் சம்மதமின்றியே காணியைக் கையாள மாவட்ட நீதிபதி அனுமதிக்கலாம். நீங்கள் வசிக்கும் இடமோ காணி இருக்கும் இடமோ எந்த மாவட்ட நீதிமன்றத்தின் எல்லையில் இருக்கிறதோ, அங்கே மனுச் செய்யலாம். கணவரை எதிர்த்து நீதிமன்றம் ஏறுவதா என்று உறவினர் பேசுவார்கள். விவாகரத்தோ குற்றச்சாட்டோ இதில் இல்லை. ஓர் உறுதிக்கான அனுமதி மட்டுமே.

சீதன உறுதி, வங்கியின் கடிதம், தொழில் திட்டம், காணி மதிப்பீடு, கணவருக்கு நீங்கள் அனுப்பிய கோரிக்கையும் அவருடைய மறுப்பும் கையில் இருக்கட்டும். தொலைபேசியில் பேசியதோடு விடாமல் ஒரு பதிவுத் தபாலும் அனுப்புங்கள். பெண்ணுக்கு இந்த வேலை ஏன் என்பது நியாயமான மறுப்பு என்று நான் கருதவில்லை. ஆனால் குடியிருக்கும் ஒரே வீடு ஏலத்துக்குப் போய்விடும் என்று அவர் அஞ்சினால், நீதிபதி அதை எடைபோடுவார். வேறு வெறுங்காணி இருந்தால் அதையே முன்வையுங்கள்.

அக்கம்பக்கத்தார் குறுக்குவழி சொல்வார்கள்: காணியைத் தம்பிக்கு எழுதிக்கொடுத்து அவர் பெயரில் கடன் எடு, கம்பெனியின் பெயருக்கு மாற்று, உறுதியில் திருமணமாகாதவள் என்று எழுது. முதல் இரண்டுக்கும் அதே சம்மதம் வேண்டும். இல்லாவிட்டால் அந்த உறுதி செல்லாது. மூன்றாவது பொய். அது உங்களையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும்.

நிறுவனத்தைப் பதிவு செய்ய கணவரின் கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டாம். 2007 ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தின்படி தனி ஒருவரே பங்குதாரராக இருந்து கம்பெனி தொடங்கலாம். மனு நடக்கும்போதே அதை முடித்துவிடுங்கள். சட்டத்தரணிக்குச் செலவிட வசதியில்லை என்றால் யாழ்ப்பாணத்திலுள்ள சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்தை அணுகுங்கள். நீதிமன்றக் கட்டளை கிடைத்ததும் அதன் உறுதிப்படுத்திய பிரதியை வங்கிக்கும் நொத்தாரிசுக்கும் கொடுங்கள். கட்டளைக்கு முந்திய திகதியில் ஈட்டு உறுதியை முடிக்க யார் அவசரப்படுத்தினாலும் ஒப்பமிட வேண்டாம்.