பரிசு, விஷம், கல்யாணம்: மூன்றுக்கும் ஒரே சொல்

ஒரே சொல் ஐரோப்பிய மொழிகளில் சம்பந்தமே இல்லாத பொருள்களில் வருவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு மிகவும் பிடித்த ‘கிஃப்ட்’ என்ற சொல்லை வைத்தே பதில் சொல்கிறேன்.

ஆங்கிலத்தில் அது பரிசு. ஜெர்மனில் அதே எழுத்துகள், ஏறக்குறைய அதே உச்சரிப்பு, ஆனால் பொருள் விஷம். ஸ்வீடிஷில் ‘யிஃப்ட்’ என்பார்கள். அங்கே விஷமும் அதுதான், ‘கல்யாணமானவர்’ என்பதும் அதுதான். டேனிஷ், நார்வேஜியனிலும் அப்படியே.

ஜெர்மன் கற்கத் தொடங்கிய நாளில் இதைத் தற்செயல் என்றே நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, எல்லாமே ‘கொடு’ என்ற ஒரே பழைய ஜெர்மானிய வினையின் பிள்ளைகள்.

கல்யாணம் எப்படி வந்தது என்பது நமக்குச் சட்டென்று பிடிபடும். ‘அந்த ஊரில் பெண் கொடுத்திருக்கிறோம்’ என்கிறோமே, அதேதான். பழைய ஆங்கிலத்திலும் இந்தச் சொல் மணப்பெண்ணுக்காகக் கொடுக்கும் பொருளைக் குறித்தது. பன்மையில் சொன்னால் திருமணம். அன்று அதன் உச்சரிப்பும் ‘யிஃப்ட்’தான். இன்றைய ‘கி’ ஒலி, இங்கிலாந்தில் குடியேறிய வைக்கிங்குகளின் நார்ஸ் மொழியிலிருந்து வந்தது.

விஷத்தின் கதைதான் என்னை ரொம்ப நாள் யோசிக்க வைத்தது. கிரேக்கத்தில் ‘டோசிஸ்’ என்றால் கொடுத்தல். வைத்தியர் ஒரு வேளைக்குக் கொடுக்கும் மருந்துக்கு அது பெயராகி, லத்தீனுக்குள் போனது. நாம் சொல்லும் ‘டோஸ்’ அதுவே. அதைப் பார்த்து ஜெர்மன்காரர்களும் தங்கள் ‘கொடுப்பதை’ மருந்துக்கு வைத்தார்கள். கொல்லும் பொருளைப் பெயர் சொல்லிக் குறிப்பிட யாருக்கும் கூச்சம் இருக்கும். மருந்தின் பெயர் அதற்குத் திரையானது. நாளாக ஆக, திரையே பெயராகிவிட்டது. பிரெஞ்சிலும் இப்படித்தான்: விஷத்தைக் குறிக்கும் அவர்கள் சொல்லுக்கு லத்தீன் மூலத்தில் வெறும் ‘பானம்’ என்றே பொருள். நாமும் பூச்சியைக் கொல்வதைப் பூச்சிமருந்து என்கிறோம்.

டச்சுக்காரர்கள் குழப்பத்தைத் தவிர்க்க வழி கண்டிருக்கிறார்கள். நன்கொடைக்கு முழுச் சொல். விஷத்துக்கு, கடைசி ‘ட்’ இல்லாத சொல்.

ஜெர்மனில் பழைய பொருள் செத்துவிட்டதா என்றால், இல்லை. வரதட்சணைக்கு அங்கே ‘மிட்கிஃப்ட்’ என்று பெயர், ‘கூடவே கொடுத்தது’ என்று அர்த்தம். விஷம் என்னும் சொல் இன்று அஃறிணைப் பாலில் வர, இது மட்டும் பழையபடி பெண்பாலிலேயே நிற்கிறது.