20 நிமிடம் பின்தங்கிய சர்வரில் என்டிபிடி நின்றுபோவது பற்றி

என்டிபிடியை (சர்வரின் கடிகாரத்தை வலையிலுள்ள நேர சர்வர்களுடன் ஒத்திசைக்கும் நிரல், ntpd) ஒருமுறை ‘ஜி’ விருப்பத்துடன் (கழித்தல் குறி, அடுத்து சிறிய ஜி) தொடங்குங்கள். அது நின்றுபோகாமல் நேரத்தைத் திருத்திக்கொள்ளும். மின்தடைக்குப் பின் சர்வர் 20 நிமிடம், அதாவது 1200 விநாடி பின்தங்கியதாகவும், என்டிபிடி நின்றுபோவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வேறுபாடு 1000 விநாடியைத் தாண்டினால், எங்கோ பெரும்பிழை நேர்ந்திருப்பதாகக் கருதி, நேரத்தைத் தொடாமல் பதிவில் ஒரு வரி எழுதிவிட்டு வெளியேறும்படியே அந்த நிரல் அமைக்கப்பட்டுள்ளது. இது பழுதன்று, எனக்குச் சரியாகவே படுகிறது.

கடிகாரம் பின்தங்கக் காரணம், பெரும்பாலும் மதர்போர்டின் நாணய வடிவ பேட்டரி வலுவிழந்திருக்கும். பயாஸ் (கணினி தொடங்கும்போது முதலில் இயங்கும் அடிப்படை நிரல்) காட்டும் நேரத்தைச் சரியான நேரத்துடன் ஒப்பிட்டுக் குறித்துக்கொண்டு, மின்கம்பியைப் பிடுங்கி ஒரு மணி நேரம் வைத்திருந்து, மீண்டும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

சேவை தொடங்கிப் பத்து நிமிடம் கழித்து, என்டிபிடியின் நிலையைக் காட்டும் என்டிபிக்யூ (ntpq) கட்டளையை ‘பி’ விருப்பத்துடன் இயக்கி, ‘ரீச்’ (reach) என்ற நெடுவரிசையை மட்டும் கவனியுங்கள். எட்டை அடியாகக் கொண்ட (ஆக்டல்) முறையில் எழுதப்படும் அந்த எண் 377 என்றிருந்தால், நேர சர்வரிடம் கேட்ட கடைசி எட்டு வினவல்களுக்கும் பதில் வந்திருக்கிறது என்று பொருள். 0 என்றே நின்றால், ஃபயர்வாலில் என்டிபிடி பயன்படுத்தும் யுடிபி 123 போர்ட் அடைபட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை: நேரம் ஒரே தாவலில் 20 நிமிடம் முன்னே போகும் என்பதால், தரவுத்தளத்தை முதலில் நிறுத்திவிடுங்கள், தாவிப்போகும் அந்த 20 நிமிடத்தில் வரும் கிரான் பணிகளையும் (குறித்த நேரத்தில் தானே இயங்கும் பணிகள்) சரிபாருங்கள். தாவாமல் மெல்ல நகர்த்தலாமே என்று தோன்றலாம். விநாடிக்கு அரை மில்லிவிநாடி என்ற உச்ச வேகத்தில் அதற்கு ஏறத்தாழ 28 நாள் பிடிக்கும்.