ஓரத்து சீட் யாருக்கு?

கேள்வி:

அன்புள்ள அம்மா, நான் ஈரோட்டில் ஒரு ஜவுளி நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறேன். வயது 36. சினிமா விமர்சகன் இல்லை. வாரம் ஒரு படம் பார்க்கிற சாதாரண ரசிகன். எல்லா வகைப் படங்களும் பார்ப்பேன், ஒவ்வொன்றைப் பற்றியும் எனக்கென்று ஒரு கருத்து உண்டு. பேயும் காமெடியும் கலந்த படங்கள் இரண்டுங்கெட்டான். அடிதடிப் படங்களில் சத்தம் கதையை மூடிவிடுகிறது. விருது வாங்கிய படமாயிற்றே என்று ‘வீடு’ பார்த்தேன், கடைசிவரை ஒன்றுமே நடக்கவில்லை. துப்பறியும் படம் என்றால் பழைய ‘அந்த நாள்’தான், பிறகு வந்ததெல்லாம் அதற்குக் கீழே.

இதையெல்லாம் பேச வீட்டில் ஆள் இல்லை. எந்தப் படத்துக்குக் கூட்டிப்போனாலும் என் மனைவி “நல்லாத்தான் இருந்துச்சு” என்பதோடு நிறுத்திக்கொள்கிறாள். இத்தனைக்கும் கல்யாணமான புதிதில், 2018-ல், ‘96’ பார்த்துவிட்டு வந்த வழியெல்லாம் பேசினாள். கதாநாயகி ஜானு செய்தது சரியா என்று என்னோடு சண்டையே போட்டாள். இப்போது இரண்டரை வயதில் எங்களுக்கு ஒரு பெண் இருக்கிறாள். இவர்களை வீட்டில் விட்டுவிட்டுத் தனியாகப் போகிறவன் இல்லை நான். எப்போதும் குடும்பத்தோடுதான். பாப்பா அழுதால் எழுந்து போக வசதியாக மனைவிக்கு ஓரத்து சீட்டாகப் பார்த்து புக் செய்வேன். போன வாரம் ஒரு தொடர்கொலைப் படம், இரவு 10 மணிக் காட்சி. அருமையான கிளைமாக்ஸ். வண்டியில் வரும்போது கேட்டால் கொலைகாரன் யாரென்றே அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை! அவளுடைய ரசனையை எப்படி வளர்ப்பது? எந்தப் படங்களில் தொடங்கலாம்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஈரோடு

பதில்:

தம்பி, படங்களின் பட்டியல் எதுவும் நான் தரப்போவதில்லை. ‘மனைவிக்கு ரசனை போதவில்லை’ என்ற கடிதம் எனக்கு வருஷம் முழுக்க வந்துகொண்டிருக்கிறது. ஒருவருக்குப் பாட்டுக் கச்சேரி, ஒருவருக்குப் புத்தகம், உங்களுக்கு சினிமா. இப்படிப்பட்ட கடிதங்களில் எழுதியவர் கவனிக்காமலே ஒரு வரியை எழுதிவிட்டுப் போயிருப்பார். விஷயம் முழுக்க அங்கேதான் இருக்கும். உங்கள் கடிதத்தில் அது ஓரத்து சீட்.

அதை அக்கறை என்று நினைத்து எழுதியிருக்கிறீர்கள். போனில் சீட் வரைபடத்தைத் திறந்து, ஓரத்தில் இருக்கும் கட்டத்தை மனைவிக்கும் அதற்கு உள்ளே இருப்பதை உங்களுக்கும் என்று தொட்டபோதே, படத்தின் நடுவில் எழுந்து போகிறவர் யார் என்பது முடிவாகிவிட்டது. பாப்பா இன்னும் அழவே இல்லை. நீங்கள் வீட்டைவிட்டுக் கிளம்பவும் இல்லை. மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள். கேட்க வேண்டிய விஷயமாகவே அது உங்களுக்குத் தோன்றியிருக்காது. எனக்குக் கோபம் வருவதே அதனால்தான்.

கொலைகாரன் யாரென்று தெரியவில்லை என்று ஆச்சரியக்குறி வேறு போட்டிருக்கிறீர்கள். எப்படித் தெரியும்? அவன் முகம் திரையில் வந்த நேரத்தில் உங்கள் மனைவி வெளியே, பாப்கார்ன் விற்கிற இடத்துக்கும் கழிவறைக்கும் நடுவே, தூக்கம் கெட்டு அழுகிற பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு நடந்திருப்பார். யாராவது கதவைத் திறக்கும்போது உள்ளேயிருந்து ஒரு அலறலும் கொஞ்சம் இசையும் வந்திருக்கும். அவர் பார்த்த கிளைமாக்ஸ் அவ்வளவுதான். பந்தியில் சாம்பார் சாதத்தோடு ஒருவரை எழுப்பிவிட்டு, பாயசம் எப்படி இருந்தது என்று கேட்பீர்களா?

உங்களுக்குப் பிடித்த ‘அந்த நாள்’ படத்தையே எடுத்துக்கொள்வோம். 1954-ல் எஸ்.பாலசந்தர் இயக்கி, ஏவி.எம். தயாரித்து, ஒரு பாட்டுகூட இல்லாமல் வந்த படம். சிவாஜி நடித்த ரேடியோ என்ஜினீயர் ராஜன் சுட்டுக் கொல்லப்படுகிறான். விசாரணைக்கு வருகிற ஒவ்வொருவரும் ஒரு கதை சொல்கிறார்கள், ஒவ்வொரு கதையிலும் சந்தேகம் வேறொருவர் மேல் போய் விழுகிறது. மனைவி உஷாவின் கையில் துப்பாக்கி இருந்தது என்பதும், புருஷன் எதிரி நாட்டுக்கு உளவு சொன்னவன் என்பதும் கடைசியில்தான் வெளிச்சத்துக்கு வருகின்றன. மூன்றாவது கதையோடு ஒருவரை வெளியே அனுப்பிவிட்டுப் பிறகு கருத்துக் கேட்டால், அவர் வேறு யாரையாவது குற்றவாளி என்பார், இல்லாவிட்டால் “நல்லாத்தான் இருந்துச்சு” என்பார். உங்கள் மனைவி இரண்டாவதைச் சொல்கிறார், அதுதான் நாகரிகம். படம் பார்க்கவில்லை என்று சொன்னால் அது உங்கள் மேல் புகாராகிவிடும். நள்ளிரவு தாண்டி, தூங்குகிற பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் வருகிறவருக்குச் சண்டை போடத் தெம்பு இருக்காது.

ரசனை இல்லாதவர் என்கிறீர்கள். அதே கடிதத்தில் ‘96’ பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். ஒரே இரவில் இரண்டு பேர் பேசிக்கொண்டே நடக்கிற படம் அது. அடிதடி இல்லை, துரத்தல் இல்லை. அதைப் பார்த்துவிட்டு வழியெல்லாம் பேசியவர், ஒரு பெண் எடுத்த முடிவு சரியா என்று கட்டின புருஷனோடு வாதாடியவர், உங்கள் மனைவி. அப்போது இரண்டு பேரும் கடைசிவரை உட்கார்ந்து பார்த்தீர்கள். இப்போது ஒருவர்தான் உட்கார்ந்து பார்க்கிறார். அந்தப் பெண்ணுக்கு நடுவில் ரசனை எங்கே போய்விடும்? இரண்டரை வருஷமாக ஒரு படத்தையாவது அவர் முழுசாகப் பார்த்திருக்கிறாரா என்று யோசித்துப் பாருங்கள். கணக்குப் பார்க்கிறவர் நீங்கள், இந்தக் கணக்கையும் பாருங்கள்.

குழந்தை விஷயத்துக்கு வருகிறேன், இங்கே நான் மெதுவாகப் பேசப்போவதில்லை. இரண்டரை வயதுப் பிள்ளையை இரவு 10 மணிக்குத் தொடர்கொலைப் படத்துக்குத் தூக்கிப்போவது தப்பு. தணிக்கைச் சான்றிதழைப் பார்த்தீர்களா? 2024-ல் வந்த விதிகளின்படி யு/ஏ என்ற ஒரே முத்திரையை யு/ஏ 7+, யு/ஏ 13+, யு/ஏ 16+ என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். ஏ சான்றிதழ் என்றால் 18 வயதுக்குக் கீழே யாரையும் உள்ளே விடக் கூடாது. யு/ஏ படத்துக்கு அந்தத் தடை கிடையாது, பிள்ளை பார்க்கலாமா என்பதைப் பெற்றவர்கள் முடிவு செய்யட்டும் என்று விட்டிருக்கிறார்கள். சட்டம் உங்களை நம்பி விட்ட இடம் அது. வாசலில் யாரும் தடுக்கவில்லை என்பதால் அது சரியாகிவிடாது. சத்தம் வேறு இருக்கிறது. ஒவ்வொரு ஒலித்தடமும் உச்சத்தில் 105 டெசிபல் வரை போக இடம் வைத்துத்தான் திரையரங்க ஒலியை அளவு பிடிக்கிறார்கள். ‘சத்தம் கதையை மூடிவிடுகிறது’ என்று 36 வயதில் உங்களுக்கே தோன்றுகிறது. அந்தப் பிஞ்சுக் காதுக்கு எப்படி இருக்கும்? பாப்பா அடம் பிடித்து அழவில்லை தம்பி. தூங்க வேண்டிய நேரத்தில் இருட்டில் யாரோ அலறுகிறார்கள் என்று பயந்து அழுகிறாள்.

2022-ல் திருவனந்தபுரத்தில், கேரள அரசின் திரைப்பட வளர்ச்சிக் கழகம் நடத்துகிற கைரளி, ஸ்ரீ, நிளா திரையரங்க வளாகத்தில் அழுகிற குழந்தைகளுக்கென்றே ஓர் அறை கட்டினார்கள். சத்தம் வெளியே போகாது, தொட்டில் இருக்கிறது, கண்ணாடி வழியாகப் படமும் தெரியும். நல்ல காரியம், நம் ஊரிலும் வர வேண்டும். ஆனால் அப்படி ஓர் அறை ஈரோட்டில் இருந்தாலும் நீங்கள் அந்த அறைக்குப் பக்கத்து சீட்டாகப் பார்த்து மனைவிக்குப் போட்டிருப்பீர்கள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

இப்போது உங்கள் கருத்துகள். அவற்றில் சிலவற்றோடு எனக்கு உடன்பாடு இல்லை. ‘வீடு’ படத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்கிறீர்கள். பாலு மகேந்திராவின் அந்தப் படம் 1988-ல் வந்தது, அர்ச்சனாவுக்குத் தேசிய விருது வாங்கிக் கொடுத்தது. வேலைக்குப் போகிற ஒரு பெண், வயதான தாத்தாவையும் தங்கையையும் வைத்துக்கொண்டு ஒரு சின்ன வீடு கட்டப் பார்க்கிறாள். கடன், கையொப்பம், சிமெண்டைத் திருடி விற்கிற காண்ட்ராக்டர், அதை எல்லார் முன்னாலும் போட்டு உடைக்கிற சித்தாள் மங்கம்மா. பாதி எழும்பிய சுவரைத் தடவிப் பார்த்த தாத்தா வீடு முடிவதற்குள் போய்ச் சேருகிறார். கடைசியில் அந்த மனையே அவர்களுக்கு இல்லை என்று ஓர் அரசாங்க அலுவலகத்தில் சொல்கிறார்கள். இதில் ஒன்றுமே நடக்கவில்லையா? மாசம் பிறந்தால் பால் கணக்கு, வாடகை, பிள்ளைக்கு மருந்து என்று எண்ணி எண்ணிக் குடும்பம் நடத்துகிறவரிடம் கேளுங்கள், அந்தப் படத்தில் எத்தனை நடக்கிறது என்று வரிசையாகச் சொல்வார். அந்தப் படம் ஓடியபோது அவர் எங்கே இருந்தார், அடுப்படியிலா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. அதனால்தான் கேட்கிறேன்.

பேயும் சிரிப்பும் சேராது என்பதும் தவறு. 1964-ல் வந்த ‘காதலிக்க நேரமில்லை’யில் நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க் கதை சொல்கிற காட்சியில் பேயே கிடையாது. ஒரு மகன் சொல்கிறான், ஒரு அப்பா கேட்கிறார். நாம் பயப்படுவதும் சிரிப்பதும் கேட்கிறவரின் முகத்தைப் பார்த்துத்தான். பாலையா அப்படிக் கேட்டதால்தான் அறுபது வருஷம் தாண்டியும் அந்தக் காட்சி நிற்கிறது. பேச ஆள் இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அப்படி முகம் கொடுத்து மனைவி சொல்வதை நீங்கள் கேட்டு எத்தனை நாளாயிற்று?

குடும்பத்தோடு படத்துக்குப் போகிறவன் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். போனால் குடும்பம் படம் பார்க்க வேண்டும். ஒருவர் பார்க்க, ஒருவர் வாசலில் நிற்க, ஒன்று அழ, இதற்கு மூன்று பேர் போக வேண்டியதில்லை. பிள்ளையைச் சுமந்து பெற்றவர் அவர், தாய்ப்பால் கொடுத்த காலம் அவருடையது. இரண்டரை வயதுப் பெண்ணைத் தோளில் போட்டுத் தட்டுவதற்கு அப்பாவின் தோள் போதும். அந்த வேலை ‘உதவி’ என்ற கணக்கில் வராது. உங்கள் பிள்ளை, உங்கள் கடமை. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

இந்த வாரம் ஒரே ஒரு டிக்கெட் எடுங்கள், பகல் காட்சிக்கு. எந்தப் படம் என்று அவர் சொல்லட்டும். நீங்கள் இரண்டுங்கெட்டான் என்று ஒதுக்குகிற வகையாக இருந்தாலும் வாயைத் திறக்காதீர்கள். அக்காவோ தோழியோ கூட வந்தால் இன்னும் நல்லது, அவர்களுக்கும் சேர்த்து எடுங்கள். நீங்கள் பாப்பாவோடு வீட்டில் இருங்கள். சோறு ஊட்டி, தூங்க வைத்து, எழுந்ததும் முகம் கழுவி விடுங்கள். அரை மணிக்கு ஒரு தடவை போன் போட்டு அது எங்கே, இது எங்கே என்று கேட்கக் கூடாது.

உங்கள் அம்மாவோ மாமியாரோ பக்கத்தில் இருந்தால் அவர்களிடம் பிள்ளையை விட்டுவிட்டு இரண்டு பேரும் போகலாமே என்று தோன்றும். போகலாம், ஆனால் முதல் முறை வேண்டாம். முதல் முறை தகப்பன்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி. பிறகு பெரியவர்களிடம் விடும்போது உத்தரவாகச் சொல்லாமல், முடியுமா என்று கேளுங்கள். பேத்தியோடு இருப்பது அவர்களுக்குச் சந்தோஷம்தான், ஆனால் அவர்களுக்கும் இடுப்பு வலி இருக்கும், பார்க்க ஆசைப்படும் படமும் இருக்கும். அதற்கும் ஒரு நாள் டிக்கெட் எடுத்துக் கொடுங்கள். பிள்ளையையும் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும் என்றால் பகல் காட்சிக்கு, அவள் வயதுக்கு ஏற்ற படத்துக்குப் போங்கள். அங்கே அவள் அழுதால் எழுந்து வெளியே போகிறவர் நீங்கள். அடுத்த படத்தில் அழுதால் அவர் எழுந்து போகட்டும். முறை வைத்துக்கொள்ளுங்கள்.

மனைவி படம் பார்த்துவிட்டு வந்ததும் வாசலிலேயே மடக்கி, படம் எப்படி என்று கேட்காதீர்கள். காபி போட்டுக் கொடுங்கள். கதையைச் சொல்லச் சொல்லுங்கள். அவர் சொல்கிற கதையில் வரிசை மாறலாம், நடிகர் பெயர் தப்பாக வரலாம், திருத்தாதீர்கள். நீங்கள் ரசித்த படத்தை ஒருநாள் அவர் பிடிக்கவில்லை என்பார். ஏன் என்று கேளுங்கள், அவர் சொல்லி முடிக்கும்வரை இயக்குநரையும் விருதையும் இழுத்துக்கொண்டு குறுக்கே வராதீர்கள்.