வேலிக்கு உட்பக்கம்

அன்புள்ள அக்கா,

நான் விசுவமடுவில் இருக்கிறேன். வயது 22. ஹிட்ச்கொக்கின் ‘ரியர் விண்டோ’ படத்தைப் போன கிழமை மூன்று தடவை பார்த்துவிட்டேன். கால் முறிந்து வீட்டில் கிடக்கும் ஒரு புகைப்படக்காரன், பொழுதுபோகாமல் எதிர்வீட்டு யன்னல்களைப் பார்க்கத் தொடங்கி, அங்கே ஒரு கொலை நடந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கிற கதை. எங்கள் ஊருக்கு ஏற்றபடி இதை ஒரு குறும்படமாக எடுக்க ஆசை. ஆனால் இங்கே மாடிவீடுகள் இல்லை, வளவுக்கு வளவு வேலி. அதனால் நாயகன் ரூபன் வேலிப் பொட்டில் போனை வைத்துப் பக்கத்து வளவைப் பார்க்கிறான் என்று எழுதியிருக்கிறேன். முதல் காட்சியில் பக்கத்து வீட்டுப் பெண் கிணற்றடியில் குளிக்கிறாள். பார்க்கிறவர்களை உடனே இழுத்துப் பிடிக்க அது உதவும். திகிலைக் கடைசிவரை எப்படிக் கொண்டுபோவது? போன் கமரா காணுமா, லென்ஸ் வாங்க வேண்டுமா? ஹிட்ச்கொக்கே ஒளிந்திருந்து பார்க்கிற மனமுள்ள ஆள் என்கிறார்களே, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

*

தம்பி,

லென்ஸ் விஷயத்தைப் படம் எடுக்கிற பொடியளிடம் கேளும். ஹிட்ச்கொக் எப்படிப்பட்ட ஆள் என்பதையும் விடும். அவர் 1980 இல் செத்துப்போனார். 1954 இல் எடுத்த படம் இன்றைக்கும் உம்மை மூன்று தடவை இருத்தி வைத்திருக்கிறது, அது காணும்.

திகிலுக்கு வழி அந்தப் படத்திலேயே இருக்கிறது. புகைப்படக்காரன் நித்திரையாகிவிட்ட நேரம், எதிர்வீட்டுக்காரன் ஒரு பெண்ணோடு வெளியே போவதை நாங்கள் காண்கிறோம், அவன் காணவில்லை. அதற்குப் பிறகு அவன் சொல்வதை முழுக்க நம்பவும் முடியாது, தள்ளிவிடவும் முடியாது. இன்னொரு தடவை பார்க்கும்போது அந்த இடத்தில் நிறுத்திப் பாரும்.

ஆனால் அந்தக் கிணற்றடிக் காட்சி. வாசித்ததும் வந்த கோபத்தில் இரண்டு நாள் பதில் எழுதாமல் வைத்திருந்தேன். ‘இழுத்துப் பிடிக்க’ என்று எழுதியிருக்கிறீர். எதைக் காட்டி யாரை இழுக்கப் போகிறீர்? குறுக்குக்கட்டோடு நிற்கிற ஒரு பிள்ளையைக் காட்டி. ரூபனுக்குப் பெயர் வைத்த உமக்கு அவளுக்கு ஒரு பெயர் வைக்கத் தோன்றவில்லை. அவள் என்ன செய்கிறாள், யாரோடு இருக்கிறாள், ஒன்றும் இல்லை. குளிக்கிறாள், அவ்வளவுதான். ரூபன் கெட்டவன் என்று கடைசியில் காட்டினால் சரியாகிவிடும் என்று நினைக்காதேயும். முதல் காட்சியில் அவனுடைய போனை எங்களுடைய கையில் தந்துவிட்டுக் கடைசியில் அவனை மட்டும் பிடித்து அடித்தால், அது நேர்மையான படம் இல்லை தம்பி.

ஏசிவிட்டு நிறுத்தியிருப்பேன். ஆனால் உம்முடைய கடிதம் வருவதற்கு ஒரு கிழமைக்கு முதல் மல்லாவியில் அம்மாவோடு நின்றேன். அடுத்த வளவில் கலியாணம். படம் எடுக்க வந்தவர்கள் ட்ரோன் கமராவை எழுப்பினார்கள். சின்னப்பிள்ளைகள் கைகாட்டிக்கொண்டு அதற்குப் பின்னால் ஓடினார்கள். அம்மா அடுப்படியில் இருந்தா. அந்த இரைச்சல் கேட்டதும் எழும்பி வந்து, கொடியில் காய்ந்த என்னுடைய சிவப்புச் சேலையை இழுத்தெடுத்துச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனா. அடுப்பையும் அணைத்துவிட்டா. நான் ஒன்றும் கேட்கவில்லை, அவவும் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தால் திரும்ப அடுப்பை மூட்டினா. சேலையை மட்டும் அன்றைக்குக் கொடியில் போடவில்லை.

2008 இல், வன்னியில் சண்டை நடந்த நேரம், மல்லாவியை விட்டு இடம்பெயர்ந்து வந்தபோது, உம்முடைய விசுவமடுவில்தான் எங்கள் தறப்பாள் கொட்டில் நின்றது. மேலே எந்நேரமும் வேவு விமானம். வண்டு என்போம். அது இரைகிற நேரம் நிறமான துணி வெளியே கிடக்கக்கூடாது, புகை எழும்பக்கூடாது, நாலு பேர் கூடி நிற்கக்கூடாது. இதெல்லாம் அம்மா தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டங்கள். சரியா பிழையா என்று சொல்ல ஒருவரும் இல்லை. பார்க்கிறவன் என்ன நினைக்கிறான் என்று பார்க்கப்படுகிறவளுக்குத் தெரியாதே, எல்லாவற்றையும் ஊகித்துத்தான் நடக்க வேண்டும். ஒருநாள் அம்மா பங்கருக்குள் இருந்து அழுதா. அது எங்களைப் பார்க்குது, அம்மா அழுகிறது மட்டும் அதுக்குக் கேக்காது என்று நான் என்னுடைய தம்பிக்குச் சொன்னது நினைவிருக்கிறது. எனக்கு அப்போது வயது 15.

பிறகு எத்தனையோ வருடம் கழித்து நீர் சொல்கிற படத்தைப் பார்த்தபோது, அதிலும் எதிர்வீட்டு ஆட்களின் கதை பெரும்பாலும் கேட்காமல் இருந்ததைக் கவனித்தேன். ஒரு பெண் ஆளில்லாத கதிரைக்கு எதிரே சாப்பாடு பரிமாறி, இல்லாத விருந்தாளிக்குக் கிளாசை உயர்த்துகிறாள். புகைப்படக்காரன் இங்கிருந்து தன் கிளாசை உயர்த்துகிறான். அவளுக்கு அது தெரியவே தெரியாது. கமரா ஓரிரு தடவை தவிர அவனுடைய அறையை விட்டு வெளியே போவதில்லை. முடிவில்தான் எதிர்வீட்டுக்காரன் இவனுடைய அறைக்குள் வந்து இருட்டில் நின்று, உனக்கு என்னிடம் என்ன வேண்டும் என்று கேட்கிறான். அதற்கு இவனிடம் பதில் இல்லை. வந்து நிற்கிறவன் கொலைகாரன்தான். ஆனாலும் அந்தக் கேள்வி கொலைகாரர்களுக்கு மட்டும் சொந்தமில்லை. நாங்கள் எத்தனை மாதம் அண்ணாந்து பார்த்துக் கேட்ட கேள்வி அது. எனக்கு அந்தப் படம் அங்கேதான் தொடங்கியது.

மாடிவீடு இல்லை என்று கவலைப்பட்டிருக்கிறீர். வேலி யன்னலைவிட நல்லது தம்பி. கிடுகு வேலியை உள்ளிருந்து கண்ணை ஒட்டிப் பார்த்தால் ஒழுங்கையில் போகிற சைக்கிள், ஆள், நாய் எல்லாம் தெரியும். ஒழுங்கையில் போகிறவருக்குக் கிடுகுதான் தெரியும். எங்கள் அம்மம்மா படலையைத் திறக்காமலே ஊர்ப்புதினம் முழுக்க வைத்திருந்தா. வேலி உள்ளே இருக்கிறவளுக்காகக் கட்டினது. அதில் ஒரு பொட்டு விழுந்தாலும் முதலில் காண்கிறவள் அவள்தான்.

காலை வெயில் அந்தப் பொட்டுக்குள்ளால் கிணற்றடிச் சீமெந்தில் ஒரு வட்டமாக விழுகிறது என்று வைத்துக்கொள்ளும். அவள் வந்து வாளியைக் கிணற்றுக்குள் விடுகிறாள். வெளிச்ச வட்டம் இல்லாமல் போகிறது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கயிற்றை அதே வேகத்தில் இழுக்கிறாள், தண்ணீரை ஊற்றுகிறாள், திரும்பவும் வாளியை விடுகிறாள். வட்டம் வரவில்லை. தனக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியக்கூடாது. உள்ளே தங்கச்சி எழும்பி வெளியே வரப்போகிறாள், அவளை வராதே என்று எப்படிச் சொல்வது? இதில் குளிப்பும் வேண்டாம், குறுக்குக்கட்டும் வேண்டாம். திகில் கேட்டீரே, அது முழுக்க இந்தப் பக்கம்தான் இருக்கிறது. ரூபன் ஒரு நிழலாக இருந்தால் போதும்.

இன்னொன்று. 2009 இல் முகாமில் இருந்தபோது குளிக்கிற இடத்துக்கு மறைப்பு இருக்கவில்லை. முட்கம்பிக்கு அப்பால் உயரத்தில் ஒரு காவலரண். எங்கள் வரிசைப் பெண்கள் ஆறு ஏழு பேர் சேலைகளை விரித்துப் பிடித்துக்கொண்டு வட்டமாக நிற்பார்கள், நடுவில் ஒருத்தி குளிப்பாள், பிறகு அடுத்தவள். நிற்கிறவர்கள் எல்லோரும் வெளிப்பக்கம் பார்த்துத்தான் நிற்பார்கள். உம்முடைய அம்மாவும் இப்படி எங்கேயாவது நின்றிருக்கக்கூடும், நீர் அப்போது சின்னப்பிள்ளை. காட்சியைத் திருத்தி எழுத முதல் அவவோடு கொஞ்ச நேரம் இருந்து கதையும்.

என்னுடைய முறை வந்தபோது நான் நடுவில் குந்தியிருந்து அவசரமாக மூன்று வாளி வார்த்தேன். அம்மா காவலரணுக்கு நேரே நின்றா. எனக்கு அவவின் முதுகும் விரித்த சேலையும்தான் தெரிந்தன. கை உளைந்து சேலை பதிந்த ஒவ்வொரு தடவையும் திரும்ப உயர்த்திப் பிடித்தா. தலையை ஒருதரமும் குனியவில்லை.