பாக்டீரியாவின் எஸ்12 புரதமும் மனிதனின் எஸ்12 புரதமும் ஏன் பொருந்தவில்லை?

செல்லுக்குள் புரதம் செய்யும் இயந்திரம் ரைபோசோம்; அதிலுள்ள புரதங்களுக்குப் போட்ட பெயர்களில் ஒன்றுதான் எஸ்12. புராஜெக்டுக்காக இரண்டின் அமினோ அமில வரிசைகளை ஒப்பிட்டிருப்பீர்கள். "ரைபோசோம் புரதம் எல்லா உயிரிலும் ஒன்றுதானே, ஏன் பொருந்தல?" என்று கைடு கேட்டிருப்பார். உங்கள் மேல் தப்பில்லை, பெயரில்தான் வினை. பாக்டீரியாவின் எஸ்12-க்கு மனிதனில் இருக்கும் சொந்தம் எஸ்23. மனிதனின் எஸ்12 வேறு குடும்பம், அது பாக்டீரியாவில் கிடையாது. ஒவ்வொரு உயிரிக்கும் தனித்தனியாக எண் போட்டதால் வந்த குழப்பம்.

2011-இல் நாகர்கோவிலில் என் எம்.எஸ்சி. வைவாவில் இதையேதான் சொன்னேன். வெளியிலிருந்து வந்த தேர்வாளர், "எஸ்12-ன்னா எஸ்12 தாம்மா, வாதாடாதே" என்றார். வடசேரி பஸ் ஸ்டாண்டு பக்கத்து நெட் சென்டரில் பிரிண்ட் எடுத்த தாளை நீட்டினேன். மேலே ஈ. கோலை பாக்டீரியாவின் எஸ்12, 124 அமினோ அமிலங்கள்; கீழே நம்முடைய எஸ்23, 143. நடுவில் சிவப்புப் பேனாவால் கட்டம் போட்டிருந்தேன்: புரோலின், அஸ்பராஜின், செரின், அலனின் நாலும் இரண்டிலும் அப்படியே. அடுத்தது அங்கே லூசின், இங்கே ஐசோலூசின். அப்புறம் மறுபடி இரண்டிலும் ஆர்ஜினின், லைசின். குடலில் கிடக்கிற ஒரு கிருமிக்கும் எனக்கும் இது பொது என்று பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. அவர் தாளைக் கையில்கூட வாங்கவில்லை. மார்க் போனது. வெளியே வந்து நின்றபோது லேப் அக்காதான் "கரையாத மக்ளே" என்று தண்ணீர் கொடுத்தார்.

2014-இல் ஆய்வாளர்கள் சேர்ந்து புதுப் பெயர் முறை கொண்டுவந்தார்கள். எல்லா உயிரிலும் இருப்பதற்கு முன்னால் 'யு', பாக்டீரியாவுக்கு மட்டும் என்றால் 'பி', பாக்டீரியாவில் இல்லாமல் மனிதன் போன்ற உயிர்களில் இருப்பதற்கு 'ஈ'. அதன்படி நான் காட்டிய இரண்டுமே யுஎஸ்12. மனிதனின் பழைய எஸ்12 இப்போது ஈஎஸ்12. உங்கள் ஆய்வேட்டில் இந்தப் பெயர்களையே எழுதுங்கள்.

அமினோ அமிலங்களைக் கோக்கும் பெப்டைடு பிணைப்பை உண்டாக்குவது ரைபோசோமின் ஆர்என்ஏதான், புரதத்துக்கு ஏன் இத்தனை பேச்சு என்று சிலர் வருவார்கள். அது எனக்கும் தெரியும். ஆனால் காசநோய்க் கிருமியில் இதே யுஎஸ்12 புரதத்தின் 43-ஆவது லைசின் ஆர்ஜினினாக மாறினால் போதும், ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி பலிக்காது. அற்பமான புரதமா இது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆய்வேட்டுக்கு நாலு காப்பி, தங்க எழுத்து பைண்டிங் என்று கேட்கிறார்களே, எதற்கு? என்னுடையதில் ஒன்றைக்கூட யாரும் திறந்த மாதிரி தெரியவில்லை. குலசேகரத்தில் விடியுமுன்னே ரப்பர் வெட்டப் போய் அப்பா கொண்டுவந்த காசு அது.