மழை பெய்யும் நாளில் போய்ப் பாருங்கள்: கூரை திறக்கும் கார் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: லண்டனில் ஹாரோவில் இருக்கிறோம். பிள்ளைகளை ஏற்ற ஏழு சீட் வண்டி ஒன்று உண்டு. இரண்டாவது வண்டியாக, கூரை திறக்கும் மாஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்று பாவித்ததாக வாங்க ஆசை. பார்க்க நல்ல வடிவு. ஆனால் கறள் பிடிக்கும், கூரை ஒழுகும் என்று எல்லோரும் பயப்படுத்துகிறார்கள். 2003-ஆம் ஆண்டு வண்டி மலிவாக வந்திருக்கிறது. எடுக்கலாமா?

பதில்: மலிவா என்பதை முதலில் கணக்குப் போட்டுப் பாருங்கள். 2023 ஆகஸ்ட் 29 முதல் ஹாரோ உட்பட லண்டன் நகராட்சிகள் எல்லாம் யூலெஸ் வலயத்துக்குள், அதாவது புகை அதிகம் கக்கும் வண்டிகளுக்குக் கட்டணம் வாங்கும் வலயத்துக்குள், வந்துவிட்டன. பெட்ரோல் வண்டி யூரோ 4 என்னும் புகைத் தரத்தை எட்டாவிட்டால், தெருவில் இறக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 12.50 பவுண்ட் கட்ட வேண்டும். சனி, ஞாயிறு மட்டும் ஓட்டினாலும் ஆண்டுக்கு 104 நாள்; 1,300 பவுண்ட். 2003-இல் பதிவான வண்டிகளில் தேறுபவையும் உண்டு, தேறாதவையும் உண்டு. லண்டன் போக்குவரத்து நிறுவனத்தின் இணையதளத்தில் பதிவு எண்ணைப் போட்டால் உடனே தெரிந்துவிடும். அதைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

தேறிவிட்டது என்றால் அடுத்தது துரு. எம்எக்ஸ்-5 பார்க்கப் போகிறவர்கள் பானெட்டைத் திறந்து எஞ்சினைத்தான் நெடுநேரம் பார்க்கிறார்கள். எஞ்சின் நன்றாக உழைக்கும். பழைய எம்எக்ஸ்-5 வண்டிகளைக் காயலான் கடைக்கு அனுப்புவது பெரும்பாலும் துருதான். அந்தத் துருவில் ஒரு பகுதி, கூரையிலிருந்து இறங்கும் தண்ணீரால் வருவது.

கூரைத் துணியில் விழும் மழை அதன் பின்விளிம்பில் உள்ள ரப்பர் வாய்க்காலில் சேரும். அங்கிருந்து, இரு பக்கமும் சீட் பெல்ட் தூண்களுக்குப் பின்னால் இருக்கும் துளை வழியாக இறங்கி, பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் தரையில் சொட்ட வேண்டும். மரத்தடியில் நிற்கும் வண்டியில் சருகும் பாசியும் சேர்ந்து இந்தத் துளையை அடைத்துவிடும். அடைத்தால் தண்ணீர் சீட்டுக்குப் பின்னால் கம்பளத்தில் ஏறும். கதவுக்கு அடியில் ஓடும் சில் பெட்டிக்குள்ளும் தேங்கும். சில் உள்ளிருந்து அரிக்கும். வெளியே பெயின்டில் கொப்புளம் தெரியும்போது உள்ளே தகடு காகிதமாகியிருக்கும்.

அதனால் மழை நாளிலோ மறுநாளோ போய்ப் பாருங்கள். சீட்டுகளை முன்னால் தள்ளி, பின் கம்பளத்தை உள்ளங்கையால் நன்றாக அழுத்துங்கள். கை ஈரமானால், 'நேற்று கூரையைத் திறந்து வைத்துவிட்டோம்' என்ற விளக்கத்தை ஏற்க வேண்டாம். கூரையைப் பாதி தூக்கச் சொல்லி, துளைப் பக்கம் அரை லிட்டர் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். இரு பக்கமும் தாராளமாகக் கீழே வர வேண்டும். பிறகு சிறு காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றி, பின்சக்கரத்துக்கு முன்னால் சில்லின் கடைசி ஒரு அடியிலும் பின்சக்கர வளைவிலும் ஓட்டுங்கள். காந்தம் பிடிக்காமல் நழுவும் இடத்தில் தகடு இல்லை, ஓட்டையை மறைக்கப் பூசிய புட்டிப் பசை இருக்கிறது.

நீங்கள் பார்க்கும் 2003 வண்டி என்பி என்னும் இரண்டாம் தலைமுறை (1998 முதல் 2005 வரை). இதற்கென்று இன்னொரு நோய் உண்டு: முன்சக்கரங்களுக்கு நடுவே ஓடும் சேஸி நீளக்கால்கள் (வண்டியைத் தாங்கும் நீண்ட சட்டங்கள்). இரட்டைத் தகடு வைத்த பெட்டி அமைப்பு என்பதால், ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு உள்ளிருந்து அரிக்கும். கீழே பிளாஸ்டிக் தட்டு மறைப்பதால் குனிந்து பார்த்தால் தெரியாது. வண்டியை லிஃப்டில் ஏற்றித் தட்டைக் கழற்றிப் பார்க்க விற்பவர் சம்மதிக்காவிட்டால், விட்டுவிடுங்கள். அங்கே ஓட்டை இருந்தால் எம்ஓடி என்னும் கட்டாய ஆண்டுப் பரிசோதனையில் தேறாது. வெல்டிங் செலவு வண்டி விலையைத் தொட்டுவிடும். எம்ஓடி வரலாற்றை அரசுத் தளத்தில் இலவசமாகப் படிக்கலாம். துரு பற்றிய குறிப்பு இரண்டு மூன்று ஆண்டு வந்து, பிறகு திடீரென்று மறைந்திருந்தால், அந்த ஆண்டு அடிப்பாகத்தை மூடும் கறுப்பு அண்டர்சீல் பூச்சைப் பூசியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள். புதிதாகப் பூசிய அடிப்பாகத்தைவிட, லேசாகத் துரு தெரியும் அடிப்பாகத்தை எங்களால் அதிகம் நம்ப முடியும்.

மற்றவை சிறிய வேலைகள். டைமிங் பெல்ட் 60,000 மைலுக்கு ஒருமுறை; ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். வாட்டர் பம்பையும் அப்போதே மாற்றிவிடுவது வழக்கம். கிளட்ச் மிதி தரையோடு தங்கினால் பெரும்பாலும் கிளட்சை இயக்கும் ஸ்லேவ் சிலிண்டர் ஒழுகுகிறது, மலிவான பாகம். பேட்டரி டிக்கிக்குள் இருக்கும். ஆவி வெளியேறும் குழாய் பொருத்தும் வகைதான் அங்கே வர வேண்டும். சாதாரண பேட்டரி வைத்திருந்தால் சுற்றியுள்ள தகடு அமில ஆவியில் அரித்திருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இரண்டாவது கியர் முரண்டு பிடிப்பது இயல்பு. பத்து நிமிடம் ஓட்டிய பிறகும் கரகரத்தால், கியர் மென்மையாக விழ உதவும் சின்க்ரோ வளையம் தேய்ந்துவிட்டது. வீல் அலைன்மென்ட் செய்யும் போல்ட்டுகள் இறுகிப்போயிருக்கின்றனவா என்று லிஃப்டில் இருக்கும்போதே கேளுங்கள். இறுகியிருந்தால் அவற்றை அறுத்து, சஸ்பென்ஷன் ஆர்ம்களின் ரப்பர் புஷ்களோடு மாற்ற வேண்டியிருக்கும்.

எங்கள் யோசனை: லண்டனுக்குள் இருப்பவர் இன்னும் கொஞ்சம் பணம் சேர்த்து மூன்றாம் தலைமுறைக்கு (என்சி, 2005–2015) போவது நல்லது. டைமிங் பெல்ட் கிடையாது, செயின்தான். பணம் இன்னும் இருந்தால் 2015-இல் வந்த நான்காம் தலைமுறை, என்டி. அதில் 131 குதிரைத்திறன் கொண்ட 1.5 லிட்டர் எஞ்சினே போதும். வண்டியின் எடை ஏறத்தாழ ஒரு டன்தான்; இந்த வண்டியின் சுகமே அந்த எடைக்குறைவில்தான் இருக்கிறது. நாற்பது மைல் வேகத்தில் ஒரு வளைவில் திரும்பினாலே அது புரியும். என்டியின் தொடக்ககால 2.0 லிட்டர் வண்டிகளில் மேனுவல் கியர்பாக்ஸ் பழுதானதுண்டு. மாஸ்டா பிறகு பாகங்களைத் திருத்தியது. அந்த ஆண்டுகளின் வண்டி என்றால் சர்வீஸ் புத்தகத்தில் கியர்பாக்ஸ் வேலை பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: துணிக்கூரையா, மடங்கும் கெட்டிக் கூரையா? இரவில் தெருவில்தான் நிறுத்துகிறேன். (குரோய்டன்)

பதில்: தெருவில் நிறுத்துபவருக்குக் கெட்டிக் கூரை. 2006-இல் வந்த என்சி ரோட்ஸ்டர் கூப்பேயில் கூரை 12 நொடியில் மடங்கி சீட்டுகளுக்குப் பின்னால் போய்விடும். டிக்கியின் 150 லிட்டர் அப்படியே இருக்கும். எடை கூடுவது 37 கிலோ அளவுதான். ஆனால் மோட்டாரும் இணைப்புகளும் பழுதானால் செலவு பெரிது. பார்க்கப் போகும்போது தொடர்ந்து மூன்று முறை திறந்து மூடச் சொல்லுங்கள்; நடுவில் தயங்கினால் விலகிவிடுங்கள்.

என்டியின் ஆர்எஃப் வேறு வகை. 13 நொடியில் தலைக்கு மேலுள்ள பகுதி மட்டும் மறையும், தோள் பக்கத் தூண்கள் நிற்கும். கொள்ளை அழகு. ஆனால் நெடுஞ்சாலையில் காதருகே காற்றிரைச்சல் துணிக்கூரை வண்டியைவிட அதிகம், பின்பக்கக் குருட்டுப் புள்ளியும் பெரிது. முழுவதும் திறந்த வானம்தான் வேண்டுமென்றால் இது ஏமாற்றும்.

துணிக்கூரையே பிடித்தால், வண்டிக்குள் எதையும் வைக்காதீர்கள். கூரையைக் கிழிப்பார்களே என்று கதவைப் பூட்டாமல் விடுபவர்கள் உண்டு. திருட்டுப் போனால் இன்சூரன்ஸ் நிறுவனம் இழப்பீட்டை மறுக்க அதுவே காரணமாகிவிடும். ஈரமாகவோ உறைபனியோடோ இருக்கும் கூரையை மடிக்க வேண்டாம்: ஈரம் பூஞ்சை பிடிக்கும், உறைந்த துணி மடிப்பில் வெடிக்கும். முதல் தலைமுறையின் பிளாஸ்டிக் பின்கண்ணாடியை ஜிப் திறந்து படுக்க வைத்த பிறகே கூரையை இறக்க வேண்டும்.

கேள்வி: உயரம் ஆறடி ஒரு அங்குலம். உட்கார முடியுமா? (லெஸ்டர்)

பதில்: என்டியில் ஸ்டியரிங் முன்னும் பின்னும் நகரும் வசதி 2018 பிற்பகுதியில் வந்த மாற்றத்தோடுதான் வந்தது. அதற்கு முந்தைய வண்டிகளில் மேலும் கீழும் மட்டும். நீண்ட கால் உள்ளவருக்கு முழங்கால் இடிக்கும், கை எட்டாது. கூரையை மூடி, கதவைச் சாத்தி, நீங்கள் வழக்கமாகப் போடும் ஷூவோடு அரை மணி நேரமாவது ஓட்டிப் பாருங்கள். ஷோரூமில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டாம்.

கேள்வி: கனடாவில் ஸ்கார்பரோவில் இருக்கிறோம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை வண்டியைக் கராஜில் விட்டுவிடலாம் என்று எண்ணம். எப்படி வைப்பது?

பதில்: சாலையில் உப்பு தூவும் முன்பே நிறுத்திவிடுங்கள். அடிப்பாகத்தைக் கழுவி நன்றாக உலர விடுங்கள். டேங்கை முழுக்க நிரப்பி, பெட்ரோல் கெடாமலிருக்க ஊற்றும் ஸ்டெபிலைசரைக் கலந்து, கால் மணி நேரம் ஓட்டுங்கள். அப்போதுதான் இன்ஜெக்டர் வரை போகும். எஞ்சின் ஆயிலை நிறுத்தும் முன் மாற்றுங்கள், வசந்தத்தில் அல்ல. பழைய ஆயிலில் சேர்ந்த அமிலம் ஐந்து மாதம் எஞ்சினுக்குள் உட்கார்ந்திருக்கக் கூடாது. பேட்டரியை, சார்ஜ் இறங்காமல் பார்த்துக்கொள்ளும் மெயின்டெய்னரில் போடுங்கள். டயரில் காற்றை வழக்கத்தைவிட ஏழெட்டு பிஎஸ்ஐ கூட்டி வையுங்கள், தட்டையாகாது. ஹேண்ட்பிரேக் வேண்டாம், கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். கூரை மூடியே இருக்கட்டும். மடித்து வைத்தால் துணியில் மடிப்பு விழுந்துவிடும். வடிகால் துளைகளையும் இப்போதே சுத்தம் செய்யுங்கள். அதற்குக் கம்பி எடுக்காதீர்கள், குழாய் கிழியும். புல்வெட்டி இயந்திரத்தில் சுற்றும் நைலான் நூலில் ஒரு முழம் போதும்.